வாசகர் கேள்வி பதில்: பூங்காவில் கிடந்த சாப்பாட்டுப் பெட்டி

சென்ற இதழில் முழங்கால் வலி என்று எழுதிய ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, "நானும் போன மாதம் பேத்தியோடு ஒரு பூங்காவில் பெட்டி தேடி அலைந்து, இரவு முழங்காலுக்கு எண்ணெய் போட்டவன்தான்" என்று ஒரு வரி எழுதினேன். முழங்காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பெட்டியைப் பற்றி ஐந்து கடிதம் வந்திருக்கிறது. ஆகவே காணி எல்லை, வேலிச் சண்டை, உறுதியில் பிழை எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். வேலிச் சண்டைக்காரர்கள் கோபிக்கக் கூடாது. இருபது வருடம் பொறுத்தவர்களுக்கு இன்னும் ஒரு மாதம் பெரிதில்லை.

கேள்வி: ஐயா, அது என்ன பெட்டி? புதையலா? யார் வைத்தது, எதற்கு வைத்தது? விளக்கமாக எழுதவும்.
– வாசகி, சுண்டுக்குளி

புதையல் இல்லை, தங்கச்சி. மண்ணைக் கிண்டிப் புதைக்கவே கூடாது என்பது அந்த விளையாட்டின் விதி.

நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து மகள் குடும்பம் வந்திருந்தது. பேத்திக்குப் பதின்மூன்று வயது. வந்த மூன்றாம் நாள் போனைக் காட்டி, "அம்மப்பா, கிட்டத்தில ஒரு கேஷ் இருக்கு, போவமா?" என்றாள். யாரோ காசைத் தவறவிட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் சொன்னாள், அது ஜியோகேஷ். ஒருவர் தண்ணீர் போகாத ஒரு பெட்டியைப் பொது இடம் ஒன்றில் மறைத்து வைப்பார். அந்த இடத்தின் அகலக்கோடு, நெடுங்கோடு இரண்டையும் அளந்து இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு அங்கே போய்த் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் கொப்பியில் பெயரும் திகதியும் எழுதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பெட்டிக்குள் சின்னச் சின்னச் சாமான்கள் இருக்கும். ஒன்றை எடுத்தால் அதற்குச் சமமான அல்லது அதைவிடப் பெறுமதியான ஒன்றை வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

பூங்காவின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த சனிக்கிழமை அங்கே கச்சான் வண்டிகூட வந்துவிடும். இரண்டு ஒழுங்கைக்கும் ஒரு பழைய மதிலுக்கும் நடுவில், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கே உள்ளே போன ஞாபகம் இல்லாத இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சறுக்கு, ஒரு பக்கச் சங்கிலி அறுந்த ஊஞ்சல், மூன்று சீமெந்து வாங்கு, பெரிய வாகை மரம். நாங்கள் போனது பின்னேரம் மூன்று மணிக்கு. ஒரு வாங்கில் யாரோ பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

விளையாட்டு தெரியாதவர் கண்ணில் படாமல் எடுக்க வேண்டுமாம். "அம்மப்பா, ஆராவது பார்த்தால் சப்பாத்து நூல் கட்டுற மாதிரி குனியுங்கோ" என்றாள். நான் செருப்புக்காரன். எதைக் கட்டுவது?

போன் நாலு மீற்றர் என்றது. முப்பத்தொரு வருடம் நில அளவைத் திணைக்களத்தில் சங்கிலி இழுத்தவனுக்கு நாலு மீற்றர் என்ன பெரிய தூரம்! வாகையின் அடியில் ஒரு பொந்து தெரிந்தது. "இதுக்குள்ளதான்" என்று சொல்லி ஒரு தடியை விட்டுக் கிளறினேன். பெட்டி வரவில்லை, முசுறு வந்தது. சட்டைக் கைக்குள்ளால் தோள் வரை ஏறிக் கடித்துத் தீர்த்துவிட்டது. நான் சட்டையைக் கழற்றி உதறிக்கொண்டிருக்க, பேத்தி மதிலடியில் குந்தியிருந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று உடைந்த ஓட்டுத்துண்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது. "ஓடு தானா விழுந்தால் இப்படி அடுக்கா விழாது, அம்மப்பா."

நான் அந்த ஓட்டைப் பார்த்தேன், பார்க்காமல் விட்டேன். வீட்டுக்கு வீடு உடைந்த ஓடு கிடக்கும் ஊரில் இருந்தவனுக்கு அது கண்ணில் ஏறவில்லை.

ஓட்டுக்குப் பின்னால், நாலு பக்கமும் கொளுக்கி போட்ட, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற சாப்பாட்டுப் பெட்டி. உள்ளே ஒரு சின்னக் கொப்பி, ஒரு பென்சில், பிளாஸ்ரிக் டைனோசர் ஒன்று, வெளிநாட்டுச் சில்லறை இரண்டு, நாலாக மடித்த ஒரு பஸ் ரிக்கற். கொப்பியில் பதினேழு பெயர். பேத்தி பஸ் ரிக்கற்றை எடுத்தாள். "கனடாவில இது கிடைக்காது" என்றாள். காலையில் அம்மம்மாவோடு தாயம் விளையாடிய சோகி ஒன்று அவளுடைய பையில் கிடந்தது. அதைப் பதிலுக்கு வைத்தோம். எத்தனையோ காணிப் படத்தில் கையெழுத்து வைத்த எனக்கு அந்தக் கொப்பியில் வைக்கும்போது கை கொஞ்சம் நடுங்கியது. முசுறு கடித்ததாலும் இருக்கலாம்.

யார் தொடக்கினார்கள் என்றால், அதற்கு ஒரு நாள் இருக்கிறது. முதலில் அமெரிக்க இராணுவம் ஜிபிஎஸ் செய்மதிகளின் சமிக்ஞையைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே குழப்பித்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. நூறு மீற்றர் அங்கே இங்கே காட்டும். 2000 மே மாதம் 1ஆம் திகதி, அந்தக் குழப்பலை அன்று நள்ளிரவோடு நிறுத்துவதாக ஜனாதிபதி கிளின்டன் அறிவித்தார். மே 3ஆம் திகதி ஒரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர், இனி எவ்வளவு சரியாகக் காட்டுகிறது பார்ப்போம் என்று ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரம் வைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். வாளிக்குள் புத்தகம், மென்பொருள், கெற்றப்போல், ஒரு ரின் அவரை. சில நாளுக்குள்ளேயே அதைத் தேடி எடுத்துவிட்டார்கள். ஜியோகேஷிங் என்ற பெயர் அந்த மாதக் கடைசியில் வந்தது. (அந்த வாளி பாதி மண்ணுக்குள் இருந்தது. புதைக்கக் கூடாது என்ற விதி பிறகு வந்தது.)

அந்த மே 3 எனக்கு வேறு விதமாக ஞாபகம். ஏப்ரல் 22ஆம் திகதி ஆனையிறவு முகாம் கைமாறிப் பதினொரு நாள். சாமானைக் கட்டுவதா, இருப்பதா என்று சனம் படலையில் நின்று கதைத்துக்கொண்டிருந்த கிழமை. மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரைந்த வரைபடத் தாள் ஒன்றை வீட்டில் வைத்திருக்கவே எனக்குப் பயம். எதற்கு வைத்திருக்கிறாய் என்று யார் கேட்டாலும் சொல்ல மறுமொழி இல்லை. அதே கிழமையில் உலகத்தின் மற்றப் பக்கத்தில் ஒருவர் விளையாட்டுக்காகத் தான் நிற்கிற இடத்தை ஊருக்கெல்லாம் அறிவித்திருக்கிறார். பேத்திக்கு இதைச் சொன்னேன். "அப்ப நீங்கள் எங்க ஒளிச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கேள்வி: என் போனில் நான் நிற்கும் இடமே சிலவேளை பக்கத்து வளவுக்குள் காட்டுகிறது. இதை நம்பி ஒரு சின்னப் பெட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? மாணவர்களுக்கு இதை வைத்து ஏதாவது சொல்லிக்கொடுக்கலாமா?
– ஆசிரியர், காரைநகர்

பக்கத்து வளவுக்குள் காட்டினால் காணி வழக்குக்குப் போகாதீர்கள் சேர், அது செல்லாது.

ஜிபிஎஸ் செய்மதிகள் ஏறத்தாழ முப்பது. 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன்னுடைய நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துப் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. நாலு செய்மதி கிடைத்தால்தான் கணக்குச் சரிவரும். மூன்று செய்மதி இடத்தைக் கண்டுபிடிக்க, நாலாவது போனிலுள்ள மணிக்கூட்டின் பிழையைத் திருத்த. ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீற்றர் போய்விடும். மரத்துக்குக் கீழே சமிக்ஞை மெலியும், மதிலில் பட்டுத் தெறித்து வந்தால் தூரம் கூடிக் காட்டும். எங்கள் பூங்காவில் மரமும் இருந்தது, மதிலும் இருந்தது.

வெட்டவெளியில் நல்ல போன் ஐந்து மீற்றர் அளவுக்குச் சரியாகக் காட்டும். காணிக் கணக்கில் சொன்னால்தான் எனக்கு விளங்கும். ஐந்து மீற்றர் ஆரையில் ஒரு வட்டம் போட்டால் ஒரு பரப்புக் காணியில் (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) மூன்றில் ஒன்றுகூட வராது. முந்தி இருந்த நூறு மீற்றர்ப் பிழைக்கு வட்டம் போட்டால் ஏறத்தாழ எட்டு ஏக்கர். எட்டு ஏக்கருக்குள் ஒரு சாப்பாட்டுப் பெட்டியைத் தேட யார் போவார்கள்? அதனால்தான் இந்த விளையாட்டு 2000ஆம் ஆண்டுக்கு முன்னர் பிறக்கவில்லை. மூன்றில் ஒரு பரப்பு வரை போன் கூட்டிக்கொண்டுபோகும். அதற்குப் பிறகு ஓட்டுத்துண்டு அடுக்காக விழாது என்று கண் சொல்ல வேண்டும்.

எண்களை எழுதும் முறையைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். இந்த விளையாட்டில் பாகையும், பாகையின் அறுபதில் ஒரு பங்கான கலையும், கலைக்குப் பிறகு மூன்று தசமமும் எழுதுவார்கள். கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு இங்கே 1.8 மீற்றர். பாகையையே தசமத்தில் எழுதுவது வேறு முறை. இரண்டையும் குழப்பினால் வில்லங்கம். நான் முதலில் 9 பாகை 40 கலை என்பதை 9.40 என்று போனில் அடித்தேன். முப்பது கிலோமீற்றர் தெற்கே, பூநகரிப் பக்கம் போகச் சொன்னது. நில அளவையாளன் விட்ட பிழை. வீட்டில் சொல்லவில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

உங்கள் மாணவர்களுக்கு ஒரு வேலையும் இருக்கிறது. 80 பாகை கிழக்கு நெடுங்கோடு யாழ்ப்பாணக் கோட்டைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் மேற்கால் போகிறது. காரைநகர் 79இல் இருக்கிறது, யாழ்ப்பாணப் பட்டணம் 80இல். பஸ்ஸில் வரும்போது எந்த இடத்தில் 79 முடிந்து 80 தொடங்குகிறது என்று போனைப் பார்த்து எழுதிவரச் சொல்லுங்கள். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். இதற்கு டேற்றாகூடத் தேவையில்லை. வரைபடம் வரத்தான் இணையம் வேண்டும். இடத்தின் எண்கள் வானத்திலிருந்து சும்மா வருகின்றன.

கேள்வி: நான் உயர்தர மாணவன். எங்கள் ஊரிலும் ஒரு பெட்டி ஒளித்து வைக்க ஆசை. எங்கே வைக்கலாம், எப்படி வைக்கலாம்?
– மாணவன், கோப்பாய்

தம்பி, உன் கடிதத்தைத்தான் இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பின்னேரம் முசுறுக் கடியையும் மீறி எனக்குள் ஒரு பயம் இருந்தது. பேத்தி அந்தப் பெட்டியைத் தொட்டபோது, "தொடாதை!" என்று கத்திவிட்டேன். வாங்கில் படுத்தவர் பேப்பரை விலக்கிப் பார்த்தார். எங்கள் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த காலத்திலேயே, கிடக்கிற பெட்டியை, ரின்னை, விளையாட்டுச் சாமானைத் தொடாதே என்றும் சொல்லிக்கொடுத்தோம். பள்ளிக்கூடச் சுவரில் படம் ஒட்டியிருந்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுக்க ஒரு சாப்பாட்டுப் பை மறந்து விடப்பட்டாலும் பொலிஸ் வந்து சுற்றிக் கயிறு கட்டியது. இந்த மண்ணில் ஒரு பெட்டியை ஒளித்து வைக்கப் போகிறாய் என்றால், ஒளித்து வைத்தாலும் கண்டவுடன் அது தன்னை இன்னது என்று சொல்ல வேண்டும். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பெட்டி வாங்கு. மேலே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் "இது ஒரு விளையாட்டுப் பெட்டி, ஆபத்தில்லை" என்று எழுதி உன் தொலைபேசி எண்ணையும் போடு. ரின், குழாய், வயர் சுற்றியது, கறுப்பு நாடா ஒட்டியது எதுவும் வேண்டாம். வெளிநாட்டில் பெட்டிக்குக் கறுப்பு நாடா சுற்றுவது சாதாரணம். இங்கே சுற்றினால் உன் பெட்டியைத் தேடி முதலில் வருவது விசேட அதிரடிப் படையாக இருக்கும்.

இடத்துக்குரியவரிடம் கேள். மாநகரசபைப் பூங்கா என்றால் சபையில், பிரதேசசபையின் இடம் என்றால் அங்கே. ஒரு கடிதம், ஒரு பிரதி. அந்தப் பூங்காவைக் கூட்டுகிறவரிடமும் வாயால் சொல். இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். பள்ளிக்கூடம், படைமுகாம், ரயில் பாதை, கோவில் வீதி, சுடலை பக்கம் போகாதே. பாழடைந்த வீடு, பற்றை பிடித்த வெறும் வளவு அறவே வேண்டாம். முகமாலைப் பக்கம் மிதிவெடி கிண்டுகிற வேலை எத்தனை வருடம் நடந்தது என்று உனக்குத் தெரியும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் எந்த விளையாட்டும் கிடையாது.

இரண்டு பெட்டிக்கு நடுவில் குறைந்தது 161 மீற்றர் இருக்க வேண்டும் என்பது விதி. இது என்ன கணக்கு, நூற்றறுபத்தொன்று என்று யோசித்தேன். அடியாக்கிப் பார்த்தால் 528. எங்கள் பழைய அளவைச் சங்கிலி 66 அடி, நூறு கண்ணி. எட்டுச் சங்கிலி! மைலில் பத்தில் ஒன்று. அந்தச் சங்கிலியைத் தோளில் போட்டு வெயிலில் நடந்தவனுக்கு அன்று இரவு நல்ல நித்திரை வந்தது.

பெட்டியைப் பற்றிச் சில விடயம். மாஜரின் டப்பா சரிவராது. மூடி ஒரு மாரிக்குத் தாங்காது. நாலு பக்கமும் ரப்பர் வளையம் வைத்துக் கொளுக்கி போடுகிற பெட்டி வேண்டும். பேனை வைக்காதே, ஈரத்தில் மை பரவும், பென்சில் வை. சாப்பாட்டுச் சாமான் ஒன்றும் வைக்காதே. ரொபி வைத்தால் எறும்பு முதல் கையெழுத்துப் போடும். மரப்பொந்துக்குள் வைக்காதே என்று நான் சொல்லத் தேவையில்லை. முசுறோடு போனது என் அதிர்ஷ்டம். பொந்துக்குள் புலிமுகச் சிலந்தியும் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வருகிற மச்சான்மார் வைத்துவிட்டு விமானம் ஏறினால், பொதுவாக விளையாட்டின் இணையத்தளத்தில் அந்தப் பெட்டியை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர் வேண்டும். அதற்கு நீதான் சரியான ஆள்.

பார்த்துக்கொள்வது ஏன் முக்கியம் என்றால், இதை எழுதுவதற்கு முன் ஒரு தடவை போய்ப் பார்ப்போம் என்று போன சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பூங்காவுக்குப் போனேன். மதிலடி கூட்டித் துப்புரவாகக் கிடந்தது. ஓட்டுத்துண்டு இல்லை. பெட்டியும் இல்லை. பேத்திக்குத் தகவல் அனுப்பினேன். அவள் ரொறன்ரோவிலிருந்து அந்தப் பெட்டியின் இணையப் பக்கத்தில் "காணவில்லை" என்று பதிந்துவிட்டு, எனக்கு அழுகிற முகம் ஒன்று அனுப்பினாள்.

கேள்வி: பரீட்சை நேரத்தில் பிள்ளைகளை இப்படி வேலையற்ற விளையாட்டுக்குத் தூண்டுவது நியாயமா?
– வாசகர், மானிப்பாய்

நியாயமில்லைத்தான். கோப்பாய்த் தம்பி, பரீட்சை முடிந்த பிறகு வை.

கேள்வி: ஐயா, பெயரும் ஊரும் போட வேண்டாம். எனது கணவர் பூங்கா கூட்டும் வேலை செய்கிறவர். போன மாதம் ஒரு மதிலடியில் உடைந்த ஓட்டை அள்ளும்போது ஒரு சாப்பாட்டுப் பெட்டி கிடைத்தது. யாரோ பிள்ளை விட்டுவிட்டுப் போயிருக்கும் என்று இரண்டு நாள் அங்கேயே வாங்கில் வைத்திருந்தார். ஒருவரும் வராததால் வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு டைனோசர், வேறு நாட்டுக் காசு, ஒரு சோகி, கொப்பி இருந்தன. கொப்பியில் மகன் இரண்டு பக்கம் வாய்பாடு எழுதிவிட்டான். உங்கள் வரியைப் படித்த பிறகு பயமாக இருக்கிறது. இது களவா? பொலிஸில் சொல்ல வேண்டுமா?

தங்கச்சி, உங்கள் கடிதம் கடைசியாகத்தான் வந்தது. சோகி என்ற சொல்லைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

களவு இல்லை. பொலிஸும் வேண்டாம். இரண்டு நாள் வாங்கில் வைத்துப் பார்த்தவர் களவெடுக்கிறவர் இல்லை. பிழை என்றால் பெட்டியில் ஒரு வரி எழுதி ஒட்டாமல் விட்டவர்களுடையது. கொப்பியில் கையெழுத்து வைத்த எனக்கும் அது தோன்றவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வாய்பாடு எழுதிய பக்கங்களைக் கிழிக்க வேண்டாம். எத்தனையாம் வாய்பாடு என்று எழுதவில்லையே? அதற்குக் கீழே மகனுடைய பெயரையும், பெட்டி கிடைத்த திகதியையும் அவனையே எழுதச் சொல்லுங்கள். விதிப்படி பார்த்தால் அவன் பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ ஆள் அல்ல, இருபதாவது. பேத்தியும் நானும் நடுவில் இருக்கிறோம். டைனோசரை அவன் வைத்துக்கொள்ளட்டும். அதற்குப் பதிலாக ஒரு சாமான் போட வேண்டும். மாபிள் ஒன்று போதும். சோகியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், வீட்டில் தாயத்துக்கு ஒன்று குறைகிறது என்று மனிசி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். அடுத்த வருடம் பேத்தி வந்து எடுத்துத் தரட்டும்.

மூடியில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, "விளையாட்டுப் பெட்டி, எடுக்க வேண்டாம்" என்று பெரிதாக எழுதுங்கள். கணவரையே அதே மதிலடியில் வைக்கச் சொல்லுங்கள். ஓட்டுத்துண்டு மூன்று, முன்பு இருந்தபடி அடுக்கி. கொளுக்கி நாலும் டக் டக்கென்று விழுகிறதா என்று பார்க்கவும், ஒன்று கொஞ்சம் இறுக்கம். ஐப்பசி மழை தொடங்கப்போகிறது.